அறுவை மேசையில் ஒரு பால்காய்ப்பு

சென்ற ஆண்டு பிசான நெல் அறுப்பு முடிந்து, வாய்க்கால்களில் தண்ணீரை நிறுத்தியிருந்த சமயம். சேரன்மகாதேவிப் பக்கம் ஒரு கல்வெட்டு இருப்பதாகக் கேள்விப்பட்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் தனியாகக் கிளம்பிப் போனேன். கல்வெட்டு இருந்தது. எந்த வாய்க்காலுக்கு யார் எப்போது தண்ணீர் விட வேண்டும் என்று பழைய ராஜா ஒருவர் வெட்டிவைத்த செய்தி. அதை முழுதாகப் படத்துக்குள் கொண்டுவர, கைப்பேசியைக் கண்ணுக்கு நேரே பிடித்துக்கொண்டு பின்னாலேயே நகர்ந்தேன். வாய்க்காலைப் பற்றிப் படித்துக்கொண்டே வாய்க்காலில் விழுந்தேன்.

எழுந்து உட்கார்ந்து பார்த்தால், இடது பாதம் என்னோடு சண்டை போட்டுக்கொண்டு வேறு ஊருக்குக் கிளம்பியதுபோல வெளிப்பக்கம் திரும்பி நின்றது.

நான் நெல்லையில் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை பார்ப்பவன். ஐம்பதைத் தாண்டியாயிற்று. சர்க்கரை உண்டு, இரத்தக் கொதிப்பு உண்டு, எதையும் புத்தகம் படித்தே சமாளித்துவிடலாம் என்கிற நம்பிக்கையும் உண்டு. மூன்றில் எது மோசமான வியாதி என்று அப்போது எனக்குத் தெரியாது.

வழியில் போனவர்கள் தூக்கிக்கொண்டுபோய்ப் பாளையங்கோட்டையில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தார்கள். எலும்பு டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, தகடு வைத்துத் திருகாணி முடுக்க வேண்டும் என்றார். எலும்பைவிடத் தோல்தான் அவருக்குக் கவலை. உடைந்த எலும்பு உள்ளேயிருந்து முட்டி, தோல் தாளைப்போல மெலிந்திருந்தது. "சக்கரை ஒடம்பு. தள்ளிப்போட்டா தோல் கருத்துரும். சீழ் வச்சிட்டுன்னா, அப்புறம் காலக் காப்பாத்துதது நம்ம கையில இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சரி, மயக்கம் கொடுத்து முடித்துவிடுங்கள் என்றேன். அங்கேதான் என் குறட்டை குறுக்கே வந்தது. மயக்க மருந்து டாக்டர் ஒரு பெண்மணி. நாற்பது வயதிருக்கும், ஏரல் ஊர்க்காரர். என் மனைவியிடம் நான் எப்படித் தூங்குவேன் என்று விசாரித்தார். என் மனைவி விவரம் மட்டும் சொல்லியிருக்கலாம், நடித்தே காட்டினாள். நடுவில் மூச்சு நின்று, பிறகு கிணற்றுக்குள் வாளி விழுந்த மாதிரி திரும்ப வரும் இடத்தை அவள் செய்து காட்டியபோது, அடுத்த கட்டில் நோயாளியே எழுந்து உட்கார்ந்துவிட்டார். தூக்கத்தில் மூச்சு நிற்கிற ஆளுக்கு முழு மயக்கமும் ஆபத்து, தூக்க மருந்தும் ஆபத்து என்றார் டாக்டரம்மா. முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்வோம். நீங்கள் விழித்தபடி படுத்திருக்க வேண்டும். அவ்வளவுதான்.

"இத்தன வருசமா ஒங்க கொறட்டைக்கு நான் முழிச்சிருந்தேன். ஒரு நாளாவது நீங்க முழிச்சிருங்க" என்றாள் மனைவி.

விழித்தேன். முதல் தடவை மேசையில் ஏற்றிப் படுக்கவைத்து, தலைக்கு மேல் அந்தப் பெரிய விளக்கைத் திருப்பினார்களோ இல்லையோ, என் இரத்த அழுத்தம் குற்றால மலை ஏறுவதுபோல ஏறியது. கையில் மருந்து ஏற்றியும் இறங்குவதாயில்லை. ஊசியே போடாமல் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மரணத்தைப் புன்னகையோடு எதிர்கொள்வது எப்படி என்று ஒரு கிரேக்க ஞானி எழுதியதை முந்தின நாள்தான் முழுதாகப் படித்து முடித்திருந்தேன். ஞானியைக் கணுக்கால் உடையாத ஆள் என்று தள்ளிவைத்தேன்.

மறுநாள் மறுபடி. இந்தத் தடவை முடிந்தே ஆக வேண்டும் என்று எலும்பு டாக்டர் சொல்லிவிட்டார். தோலில் நீர்க்கொப்புளம் வந்திருந்தது. டாக்டரம்மா ஒரு யோசனையோடு வந்தார். விழித்திருக்கிற நோயாளிகளின் பயத்தைக் குறைக்க அங்கே புதிதாக ஒரு கருவி வாங்கியிருந்தார்கள். கண்ணை மூடுகிற பெரிய கண்ணாடி, காதை மூடுகிற ஹெட்ஃபோன் மாதிரி ஒன்று. கண்ணுக்குள்ளேயே படம் ஓடும். கத்தி, கத்தரி எதுவும் காதில் விழாது. பக்திப் பாட்டா, பழைய நகைச்சுவையா, கிரிக்கெட்டா, அருவியா, எது வேண்டும் என்று நர்ஸ் கேட்டார். நகைச்சுவை என்று சொல்ல வாய் வந்தது. படித்த மனிதன் என்கிற கௌரவம் தடுத்தது. அருவி என்றேன்.

அருவிச் சத்தத்தை விடாமல் கேட்டால் ஒரு சர்க்கரை நோயாளிக்கு முதலில் என்ன தோன்றும் என்பதை அந்தக் கருவியைச் செய்தவர் யோசித்ததாகத் தெரியவில்லை. இருந்தாலும் வேலை செய்தது. முதுகில் ஊசி குத்தும்போது என்னைப் பக்கவாட்டில் சுருட்டி, முழங்கால் வயிற்றைத் தொடுகிறமாதிரி மடக்கிப் படுக்கவைத்திருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் கால்கள் சூடாகி, கனத்து, காணாமல் போயின. மல்லாக்கத் திருப்பினார்கள். வெள்ளை நீர் கொட்டிக்கொண்டே இருந்தது. நான் மனதுக்குள் கொஞ்சம் பெருமைப்படவும் தொடங்கினேன்.

அப்போது அருவி நின்றது. படம் அப்படியே உறைந்து, சத்தம் அடங்கி, அறை காதுக்குள் வந்தது. முதலில் கேட்டது எலும்பு டாக்டரின் குரல்.

"வலது காலை எடுத்துரலாமாவே?"

தியேட்டர் உதவியாளர், நடுவயதுக்காரர், பதில் சொன்னார். "எடுத்துருவோம் சார். அது அங்கன இருந்தா எடஞ்சல்தான்."

சர்க்கரை நோய் இருக்கிற வீட்டில் 'காலை எடுத்துட்டாங்க' என்பதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான். எங்கள் தெருவிலேயே இரண்டு பேருக்கு எடுத்திருக்கிறார்கள். அந்தச் சொல்லைக் கேட்டால் எங்கள் வீட்டில் பேச்சு நின்று, காப்பியில் போட எடுத்த சர்க்கரை டப்பாவுக்குத் திரும்பிப் போகும். ஆனால் அவர் சொன்னது வலது கால். நல்ல கால்! உடைந்தது இடது.

கண்ணாடிக்கும் மூக்குக்கும் நடுவே ஓர் இடைவெளி உண்டு. கண்ணைத் தாழ்த்தி அதன் வழியே பார்த்தேன். உதவியாளர் ஒரு முழுக் காலை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு ஓரமாகப் போய்க்கொண்டிருந்தார். வெளிறிய, மயிர் அடர்ந்த, ஒரு மனிதக் கால்.

அது என்னுடையதாக இருக்க முடியாது. என் கால்கள் இரண்டும் மடங்கி வயிற்றோடு ஒட்டியிருப்பதை நான் நன்றாக உணர்ந்துகொண்டிருந்தேன். உணர்ச்சி போகும்முன் கால் கடைசியாக எப்படி இருந்ததோ, மூளை அதையே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் என்று பிறகு சொன்னார்கள். அப்போது யார் சொன்னார்கள்? என் கால் என்னிடம் இருக்கிறது என்கிறது உடம்பு. அதோ போகிறது என்கிறது கண். எடுத்தாயிற்று என்கிறது காது. இத்தனை வயதில், என் உடம்பு எது என்பதில் எனக்குச் சந்தேகம் வந்தது அந்த ஒரு தடவைதான்.

"ஐயோ, அது நல்ல காலுவே!" என்று கத்தினேன்.

தட்டு ஒன்று கீழே விழுந்தது. டாக்டரம்மா என் கண்ணாடியைக் கழற்றிவிட்டு முகத்தருகே குனிந்தார். வலது காலை ஒரு தாங்கியில் ஏற்றிக் கட்டியிருந்தார்களாம். அது இடிக்கிறது என்று அவிழ்த்து ஓரமாக இறக்கி வைத்தார்களாம். "எடுத்துரலாமான்னா எறக்கிரலாமான்னு அர்த்தம் சார். கால் ஒங்ககிட்டதான் இருக்கு. ரெண்டும் இருக்கு." உதவியாளர் என் காலைக் கொஞ்சம் தூக்கி, சந்தையில் சேனைக்கிழங்கு காட்டுவதுபோலக் காட்டினார். எல்லோரும் சிரித்தார்கள்.

எலும்பு டாக்டர் சிரிக்கவில்லை. அவர் பார்த்துக்கொண்டிருந்தது தலைமாட்டில் இருந்த திரையை. அழுத்தம் நேற்று நின்ற இடத்துக்கே போயிருந்தது. "இப்படியே இருந்தா கத்திய வைக்க முடியாது" என்றார். ஊசி வேறு போட்டாயிற்று. மரப்பு போவதற்குள் முடிக்க வேண்டும். கண்ணாடியை மறுபடி மாட்டிப் பார்த்தார்கள். யாரோ முந்தின நாள் சார்ஜில் போட மறந்திருக்கிறார்கள். என் கால் போகப்போவது வாய்க்காலாலும் அல்ல, சர்க்கரையாலும் அல்ல, ஒரு செத்த பேட்டரியால்.

டாக்டரம்மா சட்டென்று தன் கைப்பேசியை எடுத்து என் முகத்துக்கு நேரே பிடித்தார்.

"சார், இங்கன பாருங்க. ஏரல்ல எங்கக்கா வீட்டுப் பால்காய்ப்பு. வாசல்ல நிக்காவல்லா, வெள்ளச் சட்டை, அவுக எங்க பெரியப்பா. மொகத்தப் பாத்தியளா? பத்திரிகைய வாட்ஸ்அப்புல அனுப்பிட்டாவளாம். வீட்டுக்கு வந்து தாம்பாளத்துல வச்சுச் சொல்லலியாம். அதனால உள்ள வர மாட்டாவ. வராம இருக்கவும் மாட்டாவ."

புதுவீடு புகும்போது பால் பொங்கவைப்பதைத்தான் எங்கள் பக்கம் பால்காய்ப்பு என்போம். முன்பின் தெரியாத வீட்டுப் பால்காய்ப்பைப் பார்க்கச் சொன்னால் சாதாரண நாளில் நான் எழுந்து போயிருப்பேன். ஆனால் அந்தப் பெரியப்பாவின் முகம் இருக்கிறதே! கேட்டுக்கு வெளியேயும் இல்லாமல் உள்ளேயும் இல்லாமல், ஒரு கால் தெருவிலும் ஒரு கால் சிமெண்டிலுமாக நின்றார். யாராவது "வாங்க" என்றால் வானத்தைப் பார்த்தார். கூப்பிடாமல் கடந்து போனால் இருமினார்.

"அந்த மஞ்சச் சேலை யாரு?" என்று என் வாய் தானாகக் கேட்டது.

"எங்க மதினி. புது வீட்டுல புகை புடிச்சிரும், கரண்டு அடுப்பு போதும்னு சொன்னதே அவுகதான். பெரியப்பாக்கு அது ரெண்டாவது கோவம். கரண்டுல காய்ச்சுன பால் வெளங்குமாங்காவ."

பச்சைத் துணியால் எனக்கும் என் காலுக்கும் நடுவே மறைப்புக் கட்டினார்கள். அழுத்தம் இறங்கியிருக்க வேண்டும். அந்தப் பக்கம் வேலை தொடங்கியது தெரிந்தது. பக்கத்து வீட்டில் அலமாரி மாட்டுகிற மாதிரி துளைபோடும் சத்தம். அது என் எலும்பு என்று தெரிந்தும், எனக்கு அக்கறை இல்லை. பால் பானை அடுப்பில் ஏறியிருந்தது. சுற்றிலும் பெண்கள் குலவைக்குத் தயாராக நின்றார்கள். ஆடை கட்டி, ஓரத்தில் நுரை கூடுகிற நேரத்தில், படத்தில் விளக்கு அணைந்தது. கரண்டு போய்விட்டது!

வாசலில் பெரியப்பா முதல்முறையாகச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

அந்த நேரத்தில்தான் தலைமாட்டுக் கருவியின் 'டிக் டிக்' சத்தத்தைக் கவனித்தேன். முதலில் குதிரைக் குளம்பாக ஓடியது, இப்போது பைய நடந்தது. ஒன்று. வெகுநேரம் கழித்து இன்னொன்று. எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஞானியின் புத்தகம் கொஞ்சம் தாமதமாக வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டேன். கொட்டாவி வந்தது. இன்னொரு கொட்டாவி.

"என்ன சார், கதை அறுவையா இருக்கோ?" என்றார் டாக்டரம்மா.

"அறுவையெல்லாம் துணிக்கு அந்தப் பக்கம்தான். நீங்க சொல்லுங்க, கரண்டு வந்துச்சா?"

"இருங்க, சொல்லுதேன்" என்று கைப்பேசியை உதவியாளர் கையில் கொடுத்தார். முகம் என் பார்வையிலிருந்து விலகியது. குரல் மட்டும் விலகவில்லை. பெரியப்பா வேட்டியை மடித்துக் கட்டினாராம். கட்டட வேலைக்குப் போட்டிருந்த செங்கலில் மூன்றைத் தூக்கிவந்து முற்றத்தில் அடுப்புக் கூட்டினாராம். எனக்கு நெற்றி வியர்த்தது. வயிற்றைப் புரட்டியது. காலையிலிருந்து சாப்பிடவில்லையே என்று நினைத்தேன். துளைபோடும் சத்தம் நின்றிருந்தது; எலும்பு டாக்டரும் கதை கேட்கிறார் போலிருக்கிறது என்று எனக்குச் சந்தோஷம். படம் பெரியப்பாவின் சிரிப்போடு முடிந்து நின்றிருந்தது; அது ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்ததில் மட்டும் எரிச்சல். "அண்ணாச்சி, கொஞ்சம் நேராப் புடிங்க" என்றேன். அவர் கண் தலைமாட்டுத் திரையில் இருந்தது.

காது அடைத்துக்கொண்டு வந்தது. குரல் கிணற்றடியிலிருந்து வருவதுபோல வந்தது. ஓலை இருக்கு, பத்தவைக்கத் தாள் இல்ல. பெரியப்பா கையை நீட்டினாராம். "இப்பமாவது ஒரு பத்திரிகைய என் கையில தாங்கலே, அத வச்சுப் பத்தவைக்கேன்!" கொடுத்தார்களாம். வாங்கி, முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை நிதானமாகப் படித்துவிட்டு, தன் பேர் போட்டிருந்த பக்கத்தைக் கிழித்து மடியில் செருகிக்கொண்டு, மிச்சத்தைக் கொளுத்தினாராம். நான் குலுங்கிச் சிரித்தேன். சிரிப்பு வந்ததே தவிர அதற்கு மூச்சு போதவில்லை.

பால் பொங்கியது. குலவை கேட்டது, அல்லது கேட்டதாக நினைத்தேன். டிக் டிக் மறுபடி வேகமெடுத்தது. துளைபோடும் சத்தமும் தொடங்கியது. பிறகு தையல், கட்டு, வார்டு.

மறுநாள் காலை டாக்டரம்மா என்னைப் பார்க்க வந்தார். முகத்தில் தூக்கமில்லாத களைப்பு. எலும்பு டாக்டரும் கூட வந்திருந்தார். கால் பிழைத்துவிட்டது, தோல் நன்றாக இருக்கிறது என்றார். நான் உற்சாகமாக, நேற்று என் மன உறுதியால் நாடித்துடிப்பே பாதியாகிவிட்டதைக் கவனித்தீர்களா என்று கேட்டேன்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"கவனிச்சோம்" என்றார் எலும்பு டாக்டர். "நான் கைய எடுத்துட்டு நின்னேன்."

முதுகில் போட்ட மருந்து எதிர்பார்த்ததைவிட மேலே ஏறிவிட்டதாம். ஏறிக்கிடந்த அழுத்தம் ஒரேயடியாக விழுந்து, துடிப்பும் விழுந்து, இதயம் நின்றுபோகிற எல்லைக்கு வந்துவிட்டதாம். கொட்டாவியும் வியர்வையும் காதடைப்பும் அதற்கு அடையாளம். டாக்டரம்மா ஊசிமேல் ஊசியாக ஏற்றியிருக்கிறார். உதவியாளர் ஒரு கையால் சலைன் பையைப் பிழிந்துகொண்டே மறு கையால் கைப்பேசியைப் பிடித்திருக்கிறார். படம் சாய்ந்த காரணம் அதுதான். நேராகப் பிடிக்கச் சொல்லி அதட்டியது நான்.

மெத்தையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். என் வாழ்க்கையில் நான் சாவுக்கு மிகப் பக்கத்தில் இருந்த நேரம், வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்த நேரம்.

"பெரியப்பா பத்திரிகையக் கிழிச்ச இடம்தான் உச்சம்" என்று உளறினேன்.

டாக்டரம்மா விழித்தார். "பத்திரிகையக் கிழிச்சாவளா? யாரு?"

நான் கதையை அவருக்குச் சொன்னேன். மூன்று செங்கல், ஓலை, நீட்டிய கை, மடியில் செருகிய பக்கம். கேட்கக் கேட்க அவர் முகம் மாறியது.

"அப்படியா சொன்னேன்? அப்படி ஒண்ணும் நடக்கலியே சார். கரண்டு ஒடனே வந்துட்டு. பெரியப்பா கடைசிவர வாசல்லயேதான் நின்னாவ." கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். பிறகு சொன்னார்: "நேத்து ஒங்களுக்கு என்ன சொன்னேன்னு எனக்கு ஒரு வார்த்தை ஞாபகம் இல்ல. நிறுத்திட்டேன்னா நீங்க பயந்துருவியன்னுதான் ஆரம்பிச்சேன். அப்புறம் எனக்கே நிறுத்தப் பயமா இருந்துச்சு. வாய் ஓடிக்கிட்டு இருந்ததாலதான் கை நடுங்கல."

பக்கத்தில் நின்ற என் மனைவி அழ ஆரம்பித்தாள். முந்தின நாள் முழுக்க அழாதவள்.

இப்போது நடக்கிறேன். வெயில் காலத்தில் வலி இல்லை, மழைக்குக் கொஞ்சம் கடுக்கும். ஆனால் வலியைவிட அந்தக் குரல்தான் அடிக்கடி ஞாபகத்துக்கு வருகிறது. வெட்டிப்பேச்சு என்று நான் வாழ்நாள் முழுக்க ஒதுக்கிவைத்த ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் அன்று அந்த மேசையில் இரண்டு பேர் கரையேறியிருக்கிறோம். இன்றைக்கும் யாராவது என்னிடம் ஒன்றுமில்லாத கதையை விடாமல் பேசிக்கொண்டிருந்தால், குறுக்கே பேச எனக்கு வாய் வருவதில்லை. பேசுகிறவரின் கைகள் என்ன செய்துகொண்டிருக்கின்றன என்றுதான் முதலில் பார்க்கிறேன்.